மண்டபத்து வாசலில் என் நெஞ்சுப் படம்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்காருவார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டர். ஒருநாள் பத்து மணிக்கு வர வேண்டியவர் பதினொன்றேகாலுக்கு வந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். மாடித் தகரத்தின் வெக்கையில் எல்லோருக்கும் சட்டை நனைந்துவிட்டது. முதல் ஆளாக நான். வேறொரு டாக்டராக இருந்தால் அவசரக் கேஸ் என்பார், அல்லது எதுவும் சொல்லாமல் விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார். இவர் படியேறி வந்ததும் நின்று எல்லோரையும் கும்பிட்டு, "மன்னிச்சுக்கோங்க. அலாரத்தை அமத்திட்டு மறுபடியும் தூங்கிட்டேன்" என்றார்.

பந்தல்குடியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என் காதருகே குனிந்தார். "ஏம்ப்பா, இதப் போயி வெளிய சொல்லுவாகளா? ரோட்டுல லாரி மறிச்சுக்கிட்டுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

இந்த டாக்டரிடம் மற்றதெல்லாம் மற்ற டாக்டர்களைப் போலத்தான். கண்ணாடி போட்டிருப்பார், கையெழுத்து புரியாது, ஊசி என்றால் நர்ஸைக் கூப்பிடுவார். இந்த ஒரு குணம்தான் வேறு. தான் செய்த பிசகை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொல்லிவிடுவார். வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது. எனக்கு அது கடைசிவரை பழகவில்லை. நான் அதற்கு நேர் எதிர்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுக்கும் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவன். படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்றைக்கு என்னிடம் மூன்று போர்வெல் வண்டி, இரண்டு கம்ப்ரசர் லாரி. தூர்ந்துபோன போருக்குள் காற்றைச் செலுத்தி, சேற்றை வானத்துக்கு அடித்துத் தண்ணீரைக் கொண்டுவருவதில் திருச்சுழி தாலுகாவிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதை நானே சொல்லக் கூடாதுதான். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

நெஞ்சடைப்பு வந்ததும் வேலைக்களத்தில்தான். திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ நெஞ்சின் மேல் குத்தவைத்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு என்று, அதை விரித்துப் பிடிக்கிற கம்பி வலையான ஸ்டென்டை இவர்தான் வைத்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் ஸ்டென்ட்தான் உசத்தி ரகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் இந்த மாடிக்குப் போகத் தொடங்கினேன். அவருடைய மேஜையில் எப்போதும் இங்கிலீஷில் அச்சடித்த தாள்கள் கிடக்கும். ஓரமெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு.

"என்ன டாக்டர், பரீட்சை பேப்பரா?" என்று கேட்டேன்.

"நான் எழுதின கட்டுரைங்க அண்ணாச்சி. மத்த டாக்டருங்க படிக்கிற பத்திரிகையில வரும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய எப்படிப் படம் பிடிக்கிறது, எப்படி அடைப்ப எடுக்கிறதுன்னு."

"அந்தப் படந்தான் எனக்கு எடுத்தீகளே."

"அது ஆஞ்சியோ. அதுல குழாயோட நிழல் மட்டும்தான் தெரியும். நான் எழுதுறது வேற. வெளிச்சம் விடுற மெல்லிசான ஒயர உள்ள விட்டு, குழாயோட சுவத்த உள்ளயிருந்தே பாக்கிறது."

எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. நாங்களும் போருக்குள் கேமரா இறக்குவோம். எந்த அடியில் குழாய் உடைந்திருக்கிறது, எங்கே வேர் பாய்ந்திருக்கிறது என்று மேலே டிவியில் பார்த்துவிடலாம். அதைச் சொன்னதும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே ஆள் காத்திருப்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. எத்தனை அடி இறக்குவோம், சேறு மறைத்தால் என்ன செய்வோம் என்று வக்கீல் மாதிரிக் கேட்டார். கடைசியில், "தண்ணி வராத போரு எத்தனை அண்ணாச்சி?" என்றார்.

"எனக்கு வறண்ட போரே கிடையாது டாக்டர். என் கைராசி அப்படி."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அவர் சிரிக்கவில்லை. மறுக்கவுமில்லை. "எனக்கு நெறைய இருக்கு" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். வீரசோழனிலிருந்து ஒரு பாயம்மா வந்து காட்டிவிட்டுப் போனது. ஐந்து நிமிடம் கழித்து அறைக் கதவு படாரென்று திறந்தது. டாக்டர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்போடு படியில் தடதடவென்று இறங்கினார். என்னமோ ஏதோவென்று நானும் பின்னால் ஓடினேன். வீரசோழன் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவர் ஏறி, கூட்டத்தை விலக்கிப் போய், "அம்மா, காலையில போடச் சொன்ன மாத்திரைய ராத்திரி போடணும். நான் மாத்தி எழுதிட்டேன். சீட்டக் குடுங்க" என்றார். கம்பியில் சாய்ந்துகொண்டே அடித்துத் திருத்திக் கொடுத்தார்.

"அல்லாவே, இதுக்காகவா டாக்டரு வெயிலுல ஓடியாந்தீக?" என்று பாயம்மா பதறிப்போனது. பின்சீட்டிலிருந்து ஒரு குரல், "ஏலே, இந்த டாக்டர்கிட்டயா நம்ம மாமாவக் கூட்டிட்டுப் போறோம்?" என்றது. அவர் காதில் அது விழுந்தது. விழுந்தபடியே இறங்கி வந்தார்.

ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் கழித்து எனக்கு வலி திரும்பியது. மாடி ஏறினால் மூச்சு நின்றது. மறுபடியும் மதுரை. குளிர்ந்த அறையில் மேஜையில் படுக்க வைத்து, மணிக்கட்டு வழியாக ஒயரை விட்டார். முழு நினைவோடுதான் இருந்தேன். இந்தத் தடவை அந்த வெளிச்ச ஒயரும் உள்ளே போனது. திரையில் வட்டமாக ஒரு படம், வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் தெரிகிற மாதிரி. உள்ளே விதைபோல வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். ஒரு பக்கம் மட்டும் வட்டம் நசுங்கியிருந்தது.

"அண்ணாச்சி, திரையைப் பாருங்க. அந்தப் புள்ளிங்கதான் நான் வச்ச ஸ்டென்ட். இந்தப் பக்கம் விரியவே இல்ல. குழாய்ச் சுவத்துல சுண்ணாம்பு படிஞ்சு கல்லாயிருக்கு."

"எங்க பந்தல்குடிப் பக்கம் எங்க தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்லுதான் டாக்டர். என் நெஞ்சுக்குள்ளயும் வந்திருச்சா?"

நர்ஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கல்ல மொதல்ல ஒடச்சிட்டுத்தான் ஸ்டென்ட் வச்சிருக்கணும். போன தடவை இந்த ஒயர உள்ள விட்டுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. என் தப்பு."

அறுபது வயதுவரை ஆபீசர், மேஸ்திரி, வாத்தியார், கட்சிக்காரர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! இந்த இரண்டு வார்த்தையை ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

"இத ஏன் டாக்டர் எங்கிட்டச் சொல்றீக? நான் என்னத்தக் கண்டேன்?"

"உங்க நெஞ்சுதானே அண்ணாச்சி. உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

என்னால் அடக்க முடியவில்லை. "டாக்டர், ரெட்டியபட்டியில ஒரு போரு போட்டேன். நானூறு அடி. ஒரு சொட்டு இல்ல. பூமியில தண்ணி இல்லய்யான்னு அந்த ஆள நம்ப வச்சிட்டேன். நெசத்துல எடம் பாத்ததுல நான்தான் அவசரப்பட்டுட்டேன். அதுக்கு முந்தி..."

"இப்ப அசையக் கூடாது. அப்புறமாச் சொல்லுங்க" என்று அதட்டினார். பெரிய அழுத்தத்தில் ஒரு பலூனை ஊதி அந்தக் கல்லை உடைத்து, ஸ்டென்டை விரித்தார். அன்றிலிருந்து இன்றுவரை மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தாளை நீட்டினார். என் படத்தைக் கட்டுரையில் போட என் சம்மதம் வேண்டுமாம். தமிழில் இருந்ததை அவரே வாசித்தார். நோயாளியின் பெயரோ ஊரோ வெளியிடப்படாது என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"என் நெஞ்சப் போடுவீக. பேரப் போட மாட்டீகளா? பேரு இல்லாமப் போட நான் என்ன பொம்மையா?"

"அதுதான் முறை அண்ணாச்சி. யாரு பேரையும் போட மாட்டோம்."

"அப்ப கையெழுத்து இல்ல."

மூன்று ஞாயிற்றுக்கிழமை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. நாலாவது ஞாயிறு, ஜப்பான்காரர்கள்கூட அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். பேனாவை வாங்கிவிட்டேன். என் பெயரை அவர் எழுதவில்லை. அந்த முறைப்படியே நானும் இங்கே அவர் பெயரை எழுதவில்லை.

கட்டுரை வந்ததும் எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது எனக்கு. ஆனால் நடுப்பக்கத்தில் கலரில் என் வெண்டைக்காய் வட்டம்! அந்த நேரம் பார்த்து எனக்கு அறுபதாம் கல்யாணம். நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். ஒரு பக்கம் வெள்ளைச் சட்டையில் நான், மறுபக்கம் அந்தக் கட்டுரையின் இரண்டு பக்கமும் பெரிதாக. மேலே, 'உலக மருத்துவர்கள் வியந்து படிக்கும் எங்கள் அண்ணாச்சியின் இதயம்!' அந்த வரி நானே சொன்னது. மண்டபத்து வாசலில், உள்ளே வருகிறவன் பார்க்காமல் தாண்ட முடியாத இடத்தில் கட்டச் சொன்னேன்.

என் மூத்த மகனின் மாமனார் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அவர் படித்தவர், நான் சம்பாதித்தவன். சம்பந்தம் பேசிய நாளிலிருந்தே இருவருக்கும் ஒரு இழுபறி. காலைப் பந்தி முடிந்து வெளியே வந்தவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றார்.

"சம்பந்தி, என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் கட்டினீகளா?"

"உலகமே என் நெஞ்சப் படிக்குதுன்னு எழுதியிருக்கு. படிச்ச மனுசனுக்கு நான் சொல்லணுமாக்கும்?"

"இல்ல சம்பந்தி. டாக்டரு தப்புப் பண்ணிட்டாருன்னு எழுதியிருக்கு."

கை கழுவப் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். முதல் சிகிச்சையில் குழாயின் உட்புறம் பார்க்கப்படவில்லை. ஸ்டென்ட் விரியாதது கவனிக்கப்படவில்லை. நோயாளிக்கு வலி திரும்பியது. பிழை சிகிச்சை செய்த மருத்துவருடையது.

எனக்கு வேட்டி அவிழ்ந்து விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் தானாக விலகியது. அப்போதுதான் பார்த்தேன், டாக்டர் பழத்தட்டோடு பின்னால் நிற்கிறார். எப்போது வந்தாரோ! முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"அடுத்த பாராவையும் படிங்க சார்" என்றார் ஹெட்மாஸ்டரிடம். "ஏன் பாக்காம விட்டேன்னு அதுலதான் இருக்கு."

ஹெட்மாஸ்டருக்குக் குரல் இறங்கிவிட்டது. "அன்று பலர் காத்திருந்தார்கள். வெளிப்படம் நன்றாகவே தெரிந்தது. என் அனுபவம் போதும் என்று நினைத்தேன்."

"சரியாச் சொன்னீங்க சார். தமிழ்ல இவ்வளவு சுருக்கமா எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு, தட்டை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தார். பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் அவர் இலைக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அந்த ஃப்ளெக்ஸ் ஊர்ப்பட்ட போனில் போய்ச் சேர்ந்துவிட்டது. 'இந்த டாக்டரிடம் போகிறவர்கள் உஷார்' என்று எவனோ கீழே எழுதியும் விட்டான்.

அடுத்த ஞாயிறு மாடிக்குப் போனேன். பெஞ்சில் இரண்டே பேர். அதில் ஒருவர் மருந்துக்கடைக்காரரின் மாமனார். வீட்டில் என் மனைவி, "ஒங்க பவுசுக்கு அந்த மனுசன் பொழப்பப் போட்டு ஒடச்சிட்டீகளே" என்று மூன்று நாளாகச் சோற்றைத் தள்ளித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு யோசனை இருந்தது. தடம் மாறிப்போன கூட்டத்தைத் திருப்ப எனக்குத் தெரியாதா?

"டாக்டர், இன்னொரு ஃப்ளெக்ஸ் கட்டுறேன். மொதல்ல தப்பாச் செஞ்சது வேற டாக்டரு, நம்ம டாக்டருதான் சரிபண்ணினாருன்னு. நாலு முக்குலயும் கட்டுறேன். ரெண்டு வாரத்துல பெஞ்சு நெறைஞ்சிரும்."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "வேண்டாம் அண்ணாச்சி! அத மட்டும் செய்யாதீங்க."

"நான் சொன்னா ஊரு நம்பும் டாக்டர்."

"அதனாலதான் வேண்டாங்கிறேன்." மேஜையில் கிடந்த கட்டுரையை என் பக்கம் நகர்த்தினார். "எங்கயோ ஒரு டாக்டர் இதப் படிச்சிட்டு, அவசரமா இருந்தாலும் நின்னு ஒயர உள்ள விட்டுப் பாப்பாரு. அதுக்குத்தான் எழுதினேன். அது என் தப்பு இல்லன்னு இங்க ஃப்ளெக்ஸ் கட்டினா, அங்க எழுதினது என்னத்துக்கு?"

"நான்தான் டாக்டர் ஒங்களக் கெடுத்தேன். என்..." அதற்கு மேல் வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"நீங்க என்ன பண்ணினீங்க? எழுதினது நான். நீங்க பெருசாக்கிக் கட்டினீங்க, அவ்வளவுதான்."

பொய் சொல்லக் கூடாது என்றால் மெய்யையே கத்திச் சொல்வோம் என்று முடிவு செய்தேன். அதற்கப்புறம் அவர் வருகிற ஒரு ஞாயிறு விடாமல் மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போர்வெல் வேலையெல்லாம் மகன்கள் பார்த்துக்கொண்டார்கள். படியில் கால் வைத்துத் தயங்குகிறவனைப் பிடித்துக்கொள்வேன்.

"என்னய்யா முழிக்கிறீரு? தப்பா வச்சாருன்னு கேள்விப்பட்டீரா?"

"ஆமா, அப்படித்தான் பேசிக்கிடுறாக."

"நெசந்தான். என் நெஞ்சுலதான் வச்சாரு. வச்சவரும் அவருதான், வச்சேன்னு சொன்னவரும் அவருதான். ஒம்ம டாக்டரு ஒம்ம நெஞ்சுல என்ன வச்சிருக்காருன்னு ஒமக்குத் தெரியுமா? நான் இன்னமும் இவர்கிட்டதான் காட்டுறேன். ஏறும்யா மேல!"

சிலர் ஏறினார்கள். பலர், "பொறவு வாரேன்" என்று நழுவினார்கள். வீரசோழன் பாயம்மா மட்டும் தன் தெருவிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்தது. பெஞ்சு பாதி நிறைந்ததைப் பார்த்து, என் கைராசி வேலை செய்கிறது என்று மனைவியிடம் அளந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு ஞாயிறு வேலை முடிந்து அவரே கீழே இறங்கி வந்தார். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டு என் அருகில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில அந்தக் கட்டுரையத் திரும்ப வாங்கச் சொன்னாங்க அண்ணாச்சி. மாட்டேன்னுட்டேன். அடுத்த மாசத்தோட சரி. வடக்க ஒரு மருத்துவக் கல்லூரியில கூப்பிடுறாங்க. பாடம் நடத்தப் போறேன்."

நான் ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டுமென்று தேடினேன். "ஒங்க திறமைக்கு எங்க போனாலும் கொடி பறக்கும் டாக்டர்."

"தெரியல. அந்த ஊரு பாஷை தெரியாது. பயமாத்தான் இருக்கு" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நன்றாக இருப்பதாகச் சொன்னார். மனிதர் சொன்னால் நம்பலாம்.

அவர் போய் எட்டு வருடம் ஆகிறது. பேரனிடம் சொல்லி அவ்வப்போது போனில் அவர் பெயரைத் தட்டச் சொல்வேன். புதுக் கட்டுரை வந்திருந்தால் அதிலிருக்கும் படங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பேன். யார் யாருடைய நெஞ்சோ, எல்லாம் வெண்டைக்காய் வட்டம்தான். ஒன்றிலும் என்னுடையது மாதிரி அழகில்லை.

எனக்குத்தான் டாக்டர் அமையவில்லை. எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன். "நீங்க தப்பா வைத்தியம் பண்ணினது உண்டா டாக்டர்?" மதுரையில் ஒருவர், "பெரியவரே, மரியாதையாப் பேசுங்க" என்றார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "நம்ம ஹிஸ்டரியில அப்படி ஒண்ணும் கிடையாது" என்றார். அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன்; முப்பது வருடம் நான் பேசிய குரல். எழுந்து வந்துவிட்டேன். மகன்களுக்குக் கோபம். "ஒங்களுக்கு வைத்தியம் வேணுமா, பஞ்சாயத்து வேணுமாப்பா?" என்கிறார்கள்.

போன மாதம் விருதுநகரில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். வழக்கம்போலக் கேட்டேன். அது எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தது. என்னைப் பார்த்தது, என் மகனைப் பார்த்தது. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தது.

"உண்டு அய்யா" என்றது.

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.